நெடுங்காலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் சட்டப் பணியைத் தொகுப்பது எப்படி: மு. கருணாநிதியை முன்வைத்து

மு. கருணாநிதி கொண்டுவந்த சட்டங்கள் என்று பொதுவில் வலம்வரும் பட்டியல்களில் சட்டங்களோடு அரசாணைகளும் பேரவைத் தீர்மானங்களும் நலத்திட்டங்களும் பெரும்பாலும் கலந்தே இருக்கின்றன. அவரைப் போற்றுவோர் தரும் பட்டியலிலும் இந்தக் கலப்பு உண்டு; மறுப்போர் தரும் பட்டியலிலும் உண்டு. ஒரு மக்கள் பிரதிநிதியின் பெயருக்கு நேரே எந்தச் சட்டத்தை எழுதலாம் என்பதை ஆவணத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அவர் மறைந்த பின்னும் அந்தச் சட்டத்தின் கீழ் வாழப்போகிறவர்களுக்கு, அதை யார், எப்போது, எதற்காக இயற்றினார்கள் என்று அறியும் உரிமை இருக்கிறது. அந்தத் தேடலைச் செய்ய விரும்பும் மாணவர்களுக்கும் இதழாளர்களுக்கும் வாக்காளர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். கருணாநிதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளக் காரணம், 1957இல் குளித்தலையில் தொடங்கி 2016இல் திருவாரூர் வரை 13 முறை பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஐந்து முறை முதலமைச்சராகவும், நெடுங்காலம் எதிர்க்கட்சி வரிசையிலும் இருந்த அவருடைய வாழ்க்கையில், தொகுப்பாளர் சந்திக்கக்கூடிய சிக்கல்கள் ஏறத்தாழ அனைத்துமே வந்துவிடுகின்றன.

முதல் வேலை: பதவிக்கால அட்டவணை

சட்டங்களைத் தேடுவதற்கு முன், அவர் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எந்த அவையில் எந்தப் பொறுப்பில் இருந்தார் என்பதை ஓர் அட்டவணையாக எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள், 1957 முதல் 2018 வரை அவர் இடைவெளியின்றிச் சட்டமன்றத்தில் இருந்ததாக எழுதிவிடுகிறார்கள். உண்மையில், இலங்கைத் தமிழர் சிக்கலை முன்னிட்டு 1983இல் பேரவை உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார்; 1984இல் மேலவை உறுப்பினரானார்; 1986 நவம்பர் 1 அன்று மேலவை இல்லாமற்போனதும் அந்தப் பதவியும் முடிந்தது; மீண்டும் பேரவைக்கு வந்தது 1989இல். 1991இல் துறைமுகம் தொகுதியில் வென்றும் பதவி விலகிவிட்டதால், 1996 வரையிலான பேரவையின் சட்டங்களில் அவருக்குப் பங்கு தேட முடியாது. அவருடைய ஆட்சி 1976 ஜனவரியிலும் 1991 ஜனவரியிலும் கலைக்கப்பட்டதையும் குறித்துக்கொள்ள வேண்டும். குடியரசுத் தலைவர் ஆட்சிக் காலத்தில் மாநிலத்துக்கான சட்டங்கள் பேரவையில் பிறப்பதில்லை.

தேர்தல் முடிவுகளுக்குத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் போதும். பதவி விலகிய நாளையும் அமைச்சர் பொறுப்பேற்ற நாளையும் அரசிதழிலோ பேரவை நடவடிக்கைகளிலோ சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சட்டம், அரசாணை, தீர்மானம், திட்டம்

இந்த நான்கையும் பிரிப்பதில்தான் முழு உழைப்பும் இருக்கிறது. சட்டம் என்பது சட்டமுன்வடிவாகப் பேரவையில் அறிமுகமாகி, நிறைவேறி, ஆளுநரின் ஒப்புதலையோ, அரசமைப்பு அதைக் கோரும் இடங்களில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையோ பெற்று, அரசிதழில் எண்ணுடன் வெளியாவது. அரசாணை, அமைச்சரவையின் நிர்வாக அதிகாரத்தில் துறைச் செயலாளரின் கையொப்பத்துடன் வருவது. அடுத்து வரும் அரசு இன்னோர் ஆணையால் அதை மாற்றிவிடலாம். தீர்மானம் என்பது அவையின் விருப்பத்தை மட்டும் சொல்வது. 1974 ஏப்ரலில் பேரவை நிறைவேற்றிய மாநில சுயாட்சித் தீர்மானம் இந்திய அரசியலில் பெரிய இடம் பெற்றது என்றாலும், அது சட்டம் அன்று. மாநிலத்தின் பெயர் மாற்றமும் அப்படித்தான்: அண்ணா முதலமைச்சராக இருந்த 1967இல் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது, பெயரை மாற்றிய சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம், 1969 ஜனவரி 14 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

இடஒதுக்கீட்டில் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறினால் வரலாறே புரண்டுவிடும். பிற்படுத்தப்பட்டோருக்கு 25 விழுக்காட்டிலிருந்து 31 ஆகவும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 16இலிருந்து 18 ஆகவும் உயர்ந்தது 1971இல், கருணாநிதி ஆட்சியின் அரசாணையால். பிற்படுத்தப்பட்டோருக்கான அளவு 50 ஆனது 1980இல், எம்.ஜி.ஆர். ஆட்சியின் ஆணையால். அந்த 50க்குள் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20 விழுக்காடு பிரிக்கப்பட்டது 1989இல், மீண்டும் கருணாநிதி ஆட்சியில், அதுவும் அரசாணையால்தான். 1990இல் பழங்குடியினருக்குத் தனியே 1 விழுக்காடு சேர்ந்தது. இவ்வாறு வளர்ந்த 69 விழுக்காட்டுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது ஜெயலலிதா ஆட்சியின் 1993ஆம் ஆண்டுச் சட்டம். 1994இல் 76ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் வழியே அது, சட்டங்களை நீதிமன்ற எதிர்ப்பிலிருந்து காக்கும் நோக்கில் அமைந்த அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஒருவரின் ஆணையை இன்னொருவரின் சட்டம் காப்பாற்றியிருக்கிறது. இருவருக்கும் உரியதை இருவருக்கும் எழுதுவதற்கு உங்கள் தொகுப்பு அட்டவணையில் தனித்தனிப் பத்திகள் (நெடுவரிசைகள்) வேண்டும்.

சட்டத்தின் பெயரும் எண்ணும் நாளும்

ஒவ்வொரு சட்டத்துக்கும் பெயரில் ஓர் ஆண்டும், எண்ணில் ஓர் ஆண்டும் இருக்கும். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்த இந்து வாரிசுரிமை (தமிழ்நாடு திருத்தம்) சட்டம் 1989ஆம் ஆண்டுக்குரியது. அதன் எண் 1/1990. அது செயலுக்கு வந்ததாகக் கொள்ளப்படும் நாள் 1989 மார்ச் 25. மேலே சொன்ன இடஒதுக்கீட்டுச் சட்டத்தின் பெயர் 1993ஐயும் எண் 45/1994ஐயும் காட்டும். அர்ச்சகர் பதவியில் பரம்பரை உரிமையை நீக்கிய அறநிலையத் திருத்தச் சட்டம் 1970க்குரியது. அதன் எண் 2/1971. மைய அரசுக்கும் அதிகாரமுள்ள பொருளில் மையச் சட்டத்தோடு முரணும் மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க நேர்வது இந்த இடைவெளிக்கு ஒரு காரணம். சில நேரங்களில் அவசரச் சட்டம் முன்னால் வந்துவிடும்: பகடிவதைத் (ராகிங்) தடைச் சட்டம் 1997க்குரியது என்றாலும், 1996 டிசம்பரிலிருந்தே அது நடப்பில் இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. எனவே அறிமுகமான நாள், நிறைவேறிய நாள், ஒப்புதல் பெற்ற நாள், நடைமுறைக்கு வந்த நாள் என நான்கையும் எழுதுங்கள்.

இவற்றைத் தமிழ்நாடு அரசிதழின் நான்காம் பகுதியில் காணலாம்; அதன் முதற் பிரிவு சட்டமுன்வடிவுகளுக்கும், இரண்டாம் பிரிவு சட்டங்களுக்கும் அவசரச் சட்டங்களுக்கும் உரியவை. 1969க்கு முந்தியவற்றைத் தேடும்போது ‘மெட்ராஸ்’ என்ற பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். சட்டமுன்வடிவின் இறுதியில் இருக்கும் நோக்கக் காரண விளக்கவுரையைத் தவறாமல் படியுங்கள். அரசு அந்தச் சட்டத்தை ஏன் கொண்டுவந்தது என்பதற்கு, மேடைப் பேச்சைவிட அந்த ஒரு பக்கம் நம்பத்தக்க சான்று.

முன்மொழிந்தவர் யார்?

நம் சட்டமன்றத்தில் ஏறத்தாழ எல்லாச் சட்டங்களும் அரசின் சட்டமுன்வடிவுகளாக, துறை அமைச்சரின் பெயரில் வருகின்றன. உறுப்பினர் தாமே கொண்டுவரும் தனி மசோதா சட்டமாவது மிக அரிது. 1927இல் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் துணைத் தலைவரான முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறைக்கு எதிராகத் தாமே முன்னெடுத்த முயற்சிகளை நினைக்கும்போது, ஓர் உறுப்பினரின் தனி முயற்சிக்கு அன்றிருந்த இடம் இன்று எவ்வளவு சுருங்கிவிட்டது என்ற வருத்தம் எனக்கு வருகிறது. பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டுதலை முழுமையாகத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தபோது அவர் அவையில் இல்லை. ஆனாலும் அதன் வரலாற்றை அவர் பெயரின்றி எழுத முடியாது.

இதனால் ‘முன்மொழிந்தவர்’ என்றும், ‘பொறுப்பிலிருந்த முதலமைச்சர்’ என்றும் இரு பத்திகள் தேவைப்படுகின்றன. அருந்ததியருக்குப் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்த 2009ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரையை ஏற்று அதை முடிவு செய்தது கருணாநிதியின் அரசு. பேரவையில் அதை அறிமுகம் செய்தவர் அப்போது அமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின். அதற்காகப் போராடிய அருந்ததியர் இயக்கங்களின் பங்கு இந்த இரு பத்திகளிலும் அடங்காது என்பதால், குறிப்புகளுக்கென மூன்றாவது பத்தி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்களிப்பைப் பொறுத்தவரை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலான சட்டங்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதால், தனி உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்ற பதிவு இராது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைக்குப் பின் கொறடாவின் உத்தரவை மீறுவதும் பதவிக்கே ஆபத்தாகிவிட்டது. அவருடைய நிலைப்பாட்டை அறிய உரைகளையே நாட வேண்டும்.

சட்டத்தைப் பின்தொடர்தல்

நிறைவேறிய நாளோடு பதிவை முடித்துவிடுவது பெரும் குறை. வாரிசுரிமைத் திருத்தத்தை மீண்டும் எடுத்துக்கொள்வோம். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின் இந்தச் சட்டம் வந்தது. அதைப் பெருமையோடு எழுதும்போதே, அது நடைமுறைக்கு வருவதற்கு முன் திருமணமாகியிருந்த மகள்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். அந்த வேறுபாட்டை 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மையச் சட்டத் திருத்தம்தான் நீக்கியது. எத்தனையோ வீடுகளில் அக்காவுக்கு இல்லாத பங்கு தங்கைக்கு வந்தது இந்த ஒரு வரியால் என்பதால், சட்டத்தின் வாசகத்தைப் பிரிவு பிரிவாகப் படிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

நீதிமன்றத் தீர்ப்புகளும் தொகுப்பில் இடம்பெற வேண்டும். அர்ச்சகர் தொடர்பான 1970ஆம் ஆண்டுத் திருத்தத்தை 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆனால் நியமனம் கோயில் வழிபாட்டு விதிகளான ஆகமத்துக்கு உட்பட்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னதால், பரம்பரை உரிமை நீங்கிய பிறகும் எல்லாச் சாதியினருக்கும் கருவறை திறக்கவில்லை. 2006இல் அதே நோக்கத்துடன் கருணாநிதியின் அரசு ஆணை பிறப்பித்ததும், 2015இல் அதன் மீது மீண்டும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்த ஒரே வரிசையின் தொடர்ச்சியே. அருந்ததியர் சட்டத்துக்கு அடிப்படையான உள்வகைப்படுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்பதை 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏற்றது. 2010ஆம் ஆண்டுச் சமச்சீர் பாடத்திட்டச் சட்டத்தை அடுத்து வந்த அரசு 2011இல் தள்ளிவைக்க முயன்றபோது, உயர் நீதிமன்றமும், 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதைச் செயல்படுத்தச் சொல்லின. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கிய 3/2007 எண்ணுள்ள சட்டம் பொறியியல் சேர்க்கையில் நிலைத்தது; மருத்துவச் சேர்க்கையில் நீட் தேர்வு அதை மேவிவிட்டது.

எண்ணிக்கையை எச்சரிக்கையோடு கையாளுங்கள்

ஓர் ஆட்சியில் இத்தனை சட்டங்கள் நிறைவேறின என்ற எண் பெரிதாகத் தோன்றும். வரவு செலவுத் திட்டத்துக்காக ஆண்டுதோறும் வரும் நிதி ஒதுக்கச் சட்டங்களையும், ஒரு சொல்லை மட்டும் மாற்றும் திருத்தங்களையும், காலக்கெடுவை நீட்டிக்கும் சட்டங்களையும் முதலில் தனியே வையுங்கள். மிஞ்சுபவற்றில் புதிய உரிமையையோ கடமையையோ அமைப்பையோ உருவாக்கியவை எவை என்று பாருங்கள். 1971ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிகள் சட்டம் அத்தகையது. ஒரு விழா ஆண்டுக்கான நிதி ஒதுக்கம் அத்தகையது அன்று.

எதிர்க்கட்சி ஆண்டுகள்

சட்டங்களை மட்டும் எண்ணினால் எதிர்க்கட்சியில் இருந்த ஆண்டுகளெல்லாம் வெறுமையாகத் தெரியும். அது நேர்மையான பதிவாகாது. அந்த ஆண்டுகளுக்குப் பேரவை நடவடிக்கைகளின் தொகுதிகளைப் பார்க்க வேண்டும். கோட்டையிலுள்ள சட்டமன்ற நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இத்தகைய பழைய தொகுதிகளைத் தேடலாம். ஒவ்வொரு தொகுதியின் பெயரகராதியிலும் உறுப்பினரின் பெயருக்கு நேரே உள்ள பக்கங்களைக் குறித்துக்கொண்டு, கேள்விகள், கவன ஈர்ப்புகள், துறைகளுக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கைகளில் தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானங்கள், சட்டமுன்வடிவுகளுக்குத் தந்த திருத்தங்கள் என்று வகைப்படுத்துங்கள். முதலெழுத்துகள் மாறி அச்சாவதுண்டு என்பதால் அவர் தேர்தலில் வென்ற தொகுதியின் பெயரையும் ஒப்பிட வேண்டும்.

1957ஆம் ஆண்டுக்கான கட்டத்தில் கருணாநிதிக்குச் சட்டம் எதுவும் இராது. குளித்தலைத் தொகுதியின் நங்கவரம் உழவர்களுக்காக அவர் பேசிய முதல் உரை இருக்கும். 1970இல் நில உச்சவரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்தைக் கொண்டு கணக்கிடும் அளவு) 15 ஆகக் குறைத்த 17/1970 எண்ணுள்ள சட்டத்தையும், உழவுத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கிய 40/1971 எண்ணுள்ள சட்டத்தையும் அந்த உரைக்கு அருகில் வைத்து, அங்கே கேட்டவற்றில் எவை இந்தப் பிரிவுகளில் வந்திருக்கின்றன, எவை வரவில்லை என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.