60 ஆயிரம் கேமராவா, 2 லட்சம் கேமராவா: எப்படி முடிவு செய்வது?

கேமரா வாங்கப் போகிறேன் என்று யாராவது வந்தால் நான் முதலில் பட்ஜெட்டைக் கேட்பதில்லை. "எடுக்கிற படம் சரியாக வரவில்லை என்றால் திரும்ப எடுக்க முடியுமா?" என்றுதான் கேட்பேன். மொட்டை மாடியில் விளையாடும் உங்கள் பிள்ளை நாளைக்கும் விளையாடுவாள், மெரினாவில் சூரியன் நாளைக்கும் உதிக்கும். ஆனால் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் தாலி ஏறும் அந்தச் சில நொடிகள் திரும்ப வராது, முன்பணம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள், கேமரா காலை வாரினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். விலை கூடிய கேமராவுக்கும் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. படத்தின் அழகில் உள்ள வித்தியாசம் பலரும் நினைப்பதைவிடக் குறைவு.

கேனானின் இரண்டு கேமராக்களை வைத்துப் பார்ப்போம். ஆர்50 என்பது 2023ல் வந்த தொடக்கநிலை மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா. ஆர்6 மார்க் 2, 2022 கடைசியில் வந்தது, தொழில்முறைக்காரர்களுக்கானது. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் இரண்டுமே 24 மெகாபிக்சல், அதாவது 6000க்கு 4000 புள்ளிகள். நம் ஊர்க் கல்யாண ஆல்பத்தில் வழக்கமாகப் போடும் 12×36 ஷீட்டில் ஒரு பக்கம் 12×18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க 5400க்கு 3600 போதும். ஆக, ஆர்50ல் எடுத்த ஒரே படம் ஆல்பத்தின் முழுப் பக்கத்தை நிரப்பி மிச்சமும் வைக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் இன்ஸ்டாகிராமில் போடவும் இதில் கால்வாசிகூட வேண்டாம். கடையில் மெகாபிக்சலைச் சொல்லி விலையை ஏற்றினால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரி, கூடுதல் பணம் எங்கே போகிறது?

முதலாவதாக, கார்டு. ஆர்6 மார்க் 2ல் இரண்டு மெமரி கார்டு போடலாம், எடுக்கும் ஒவ்வொரு படமும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைக்கலாம். ஆர்50ல் ஒரே ஒரு கார்டு, அதுவும் பேட்டரி அறைக்குள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் சித்தி மகளின் நலங்குக்கு நான்தான் படம் எடுத்தேன், ஒரு கார்டு போடும் கேமராவில். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து சந்தனம் வைத்து ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தபோது கார்டைப் படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. மீட்டெடுக்கும் மென்பொருளை இரவெல்லாம் ஓட்டியும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. போனவற்றில் எங்கள் பாட்டி அவளுக்குச் சந்தனம் வைத்த படமும் ஒன்று. அடுத்த வருடம் பாட்டி இல்லை. அதனால்தான் பணம் வாங்கிப் படம் எடுக்கப் போகிறவர்களிடம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதே இல்லை: இரண்டு கார்டு போடும் கேமரா இல்லாமல் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள், வாடகைக்கு எடுத்தாவது போங்கள்.

அப்புறம் பேட்டரி. ஆர்50ன் பேட்டரி 1040 எம்ஏஎச், ஆர்6 மார்க் 2ல் 2130. விடியற்காலை முகூர்த்தத்தில் தொடங்கி மாலை வரவேற்பு வரை ஓட வேண்டும் என்றால் சின்ன பேட்டரி குறைந்தது நான்கு வேண்டும், நடுவில் மாற்றும்போது எதைத் தவறவிட்டோம் என்ற பதற்றம் வேறு. தூசியும் தூறலும் உள்ளே போகாதபடி அடைப்பு, கண்ணை எடுக்காமலே ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் (லென்ஸின் துளை அளவு) ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்துக்கான உணர்திறன்) தனித்தனியாகத் திருப்பிக்கொள்ளும் மூன்று டயல்கள், கை நடுக்கத்தை ஈடுகட்ட பாடிக்குள்ளேயே (லென்ஸ் நீங்கலான கேமரா) ஒரு ஏற்பாடு, இவையெல்லாம் பெரிய கேமராவில் உண்டு, சின்னதில் இல்லை. இவற்றில் எதுவும் ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. பத்து மணி நேர வேலையின் முடிவில்தான் தெரியும்.

கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் என்றால் அது சென்சார், வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு. ஆர்6 மார்க் 2 ஃபுல் ஃபிரேம், 36×24 மி.மீ. ஆர்50 கிராப் சென்சார், 22.3×14.9 மி.மீ. பரப்பளவில் பெரியது சுமார் இரண்டரை மடங்கு, அதனால் இருட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் குறையும், பின்னணி இன்னும் மங்கலாகப் போகும். பலரும் இதற்காகத்தான் பெரிய கேமரா வேண்டும் என்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆர்50ஐ வாங்கும்போது கூட வரும் 18-45 கிட் லென்ஸ், 45 மி.மீ.க்கு இழுத்தால் எஃப் 6.3தான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது). அதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் 12 மடங்கு. பெரிய சென்சார் தருவது இரண்டரை மடங்கு, 160 கிராம் எடையுள்ள அந்தச் சின்ன லென்ஸ் தருவது 12 மடங்கு! கோவில் பிரகாரத்தின் மங்கிய வெளிச்சத்திலும், அரங்கேற்ற மேடையிலும், வீட்டு ஹாலில் இரவு நேரப் பிறந்தநாளிலும் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான்.

வீட்டுக்காகவும் ஊர் சுற்றவும் வாங்குகிறவர்களுக்கு என் பதில் அதனால் எப்போதும் ஒன்றே. பாடியில் மிச்சம் பிடியுங்கள், அந்தப் பணத்தை லென்ஸில் போடுங்கள். கிராப் சென்சாரில் 50 மி.மீ. என்பது 80 மி.மீ. போல நெருக்கமாகத் தெரியும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். முகத்தை எடுக்க அருமையாக இருக்கும், பத்துக்குப் பத்து அறையில் குடும்பத்தையே நிறுத்தி எடுக்க நினைத்தால் முதுகு சுவரில் முட்டும். அதற்குக் கிட் லென்ஸையே மாட்டிக்கொண்டு தனி ஃபிளாஷ் ஒன்றை மாட்டி, மேல்கூரையைப் பார்த்துத் திருப்பி அடியுங்கள்.

ஃபிளாஷ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கேனான் 1500டி, 200டி 2 என்ற இரண்டு டிஎஸ்எல்ஆர்களும் (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை) நம் பக்கம் நிறையப் பேர் முதலில் வாங்கிய கேமராக்கள், பழைய விலையில் இன்னும் கைமாறுகின்றன. இரண்டிலும் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் இருக்க வேண்டிய தொடுமுனை கிடையாது, அதனால் மற்ற கம்பெனிகளின் சாதாரண மேனுவல் ஃபிளாஷ்களும், தள்ளி வைத்த ஃபிளாஷை இயக்கும் ட்ரிகர்களும் அவற்றில் வேலை செய்யாது. விலை குறைவான ஃபிளாஷ் ஒன்றை ஏற்கெனவே வைத்திருந்தால் கேமராவை வாங்கும் முன் மாட்டிப் பாருங்கள். அதோடு கேனானும் நிக்கானும் 2018ல் மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப், இசட் மவுன்ட்களை (லென்ஸ் மாட்டும் வளையம்) கொண்டுவந்த பிறகு அவர்களுடைய கவனம் முழுக்க மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது. புதிதாக வாங்குவதென்றால் இனி டிஎஸ்எல்ஆர் வேண்டாம் என்பது என் கருத்து.

பறவைகளை எடுக்கிறவர்களுக்குச் சென்சார் கணக்கு தலைகீழ். வேடந்தாங்கலில் கரையில் நின்றால் நத்தைகுத்தி நாரை தொலைவில் மரத்தின் மேல் இருக்கும், நாம் நெருங்க முடியாது. அங்கே கிராப் சென்சார் கைகொடுக்கும்: 100-400 லென்ஸை ஆர்50ல் மாட்டினால் 640 மி.மீ. போல எட்டும், 24 மெகாபிக்சலும் முழுதாக இருக்கும். ஆர்6 மார்க் 2ல் அதே லென்ஸை மாட்டி அதே அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 9 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். கேனானின் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம்தான், அரை நாள் தூக்கிக்கொண்டு நடக்கலாம். பறந்து போகும் பறவையைத் தொடர்ந்து ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) சுட்டால் ஆர்50ன் தற்காலிக நினைவகம் சீக்கிரம் நிரம்பி கேமரா திணறும், அங்கே பெரியது ஜெயிக்கும். ஆனாலும் பறவைகளுக்காகத் தொடங்குகிறவர் முதலில் பெரிய பாடி வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். பணம் நீளமான லென்ஸுக்குப் போகட்டும்.

விலையோடு சம்பந்தமே இல்லாமல் இரண்டு வகையையும் படுத்தும் ஒரு சிக்கல் உண்டு, மண்டபத்து எல்இடி விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படம் முழுக்க வரிவரியாகக் கருப்புப் பட்டை விழலாம். மெக்கானிக்கல் ஷட்டருக்கோ எலக்ட்ரானிக் முதல் திரைக்கோ மாற்றி, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்காகக் கேமராவை மாற்ற வேண்டாம்.

தொழிலுக்கு வருகிறேன், கையில் 2 லட்சம் இல்லை என்கிறவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. பழைய ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர். புதிதாக வாங்க வேண்டாம் என்று மேலே சொன்னேன், இது கைமாறி வருவது, கணக்கு வேறு. 2014ல் வந்த நிக்கான் டி750ல் 24 மெகாபிக்சல், இரண்டு கார்டு, நல்ல ஃபோகஸ், கல்யாண வேலைக்கு இன்றைக்கும் போதும். வாங்கும் முன் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். நிக்கான் அதன் ஷட்டரை 1,50,000 முறை ஓட்டிச் சோதித்தது. ஒரு கல்யாணத்துக்கு 3000 படம் என்று வைத்தால் 50 கல்யாணத்தில் அந்த எண்ணிக்கை முடிந்துவிடும், ஸ்டுடியோவில் இருந்து வரும் கேமரா அதைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். தாண்டினால் உடனே செத்துவிடும் என்றில்லை, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க அது நியாயமான காரணம். லென்ஸின் பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்னால் பாருங்கள், சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பாடியின் சீரியல் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள்.

இரண்டுக்கும் நடுவில் மனம் ஊசலாடினால் வாடகைக்கு எடுங்கள். பெரிய கேமராவை ஒரு சனி ஞாயிறு வைத்துக்கொண்டு, நீங்கள் உண்மையில் எடுக்கும் இடங்களுக்கே போய் எடுத்துப் பாருங்கள். ஆர்6 மார்க் 2 பாடி மட்டும் 670 கிராம், ஆர்50 375 கிராம். எஃப் 2.8 ஜூம் லென்ஸும் சேர்ந்தால் கழுத்தில் தொங்குவது ஒன்றரை கிலோவைத் தாண்டும், அதைத் திருச்சி மலைக்கோட்டைப் படிகளில் தூக்கிக்கொண்டு ஏற உங்களுக்கு மனம் இருக்கிறதா என்பது அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். வீட்டிலேயே இருக்கிற கேமரா எத்தனை லட்சமானாலும் படம் எடுக்காது.

புதிது வாங்கும் கடைக்கு உங்கள் சொந்தக் கார்டோடு போங்கள். ஓடும் மின்விசிறியையும், கடையின் இருட்டு மூலையையும், கூட வந்தவரின் கண்ணையும் இரண்டு கேமராக்களிலும் எடுத்து வீட்டுக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மறுநாள் வாங்கலாம், அவசரமே இல்லை. ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரன்டியும் இல்லாமல் சில ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கிய அன்றே காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் வாங்குங்கள், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். டப்பாவுக்குள் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் தோல் பையிலும் துணி பீரோவிலும் வைக்கவே வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழை முடிவதற்குள் லென்ஸில் பூஞ்சை வந்துவிடும்.