பேஸ்மேக்கரை மேம்படுத்தும்போது சிரை அடைத்திருந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ்மேக்கர் வைத்துப் பல ஆண்டுகள் ஆனவருக்கு இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்துவிட்டால், இதயத்துக்கு மின்துடிப்பைக் கொண்டுசெல்லும் இன்னொரு கம்பி சேர்த்து, இரு கீழறைகளையும் ஒருசேரச் சுருங்கவைக்கும் சி.ஆர்.டி. கருவியாக மாற்றச் சொல்வார்கள். பழைய கம்பிகள் காறை எலும்புக்கு அடியில் செல்லும் சிரையோ இத்தனை ஆண்டுகளில் தழும்பேறிச் சுருங்கியிருக்கலாம், முழுவதும் அடைத்தும் இருக்கலாம்.

"கை வீங்கவில்லையே, அடைப்பு இருக்காது" என்று நம்புவதுதான் பலரும் செய்யும் தவறு. அடைப்பு மெல்ல வருவதால் பக்கத்துச் சிறு சிரைகள் பருத்து இரத்தத்தைக் கடத்திவிடுகின்றன. அல்ட்ராசவுண்டுக்கு எலும்பு குறுக்கே நிற்கும். கருவி இருக்கும் பக்கத்துக் கையில் ஊசி வழியே சாய மருந்து செலுத்தி எடுக்கும் வெனோகிராம் நிலைமையைக் காட்டிவிடும். சிறுநீரகம் பழுதானவருக்குச் சாய மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும். அதற்காகப் பரிசோதனையையே தவிர்த்துவிட்டுத் தோலைக் கீறிய பிறகு அடைப்பைக் கண்டுபிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடைப்பு தெரிந்தவுடன் மறுபக்கத்துக்குத் தாவுவது இன்னும் பெரிய தவறு. அன்றைக்கு வேலை சுலபமாக முடியும். ஆனால் நல்ல பக்கத்துச் சிரையும் கெடத் தொடங்கும். இரு பக்கச் சிரைகளும் சேர்ந்து இதயத்துக்குள் இறங்கும் மேற்பெருஞ்சிரையில் கம்பிகள் நெருக்கியடிக்கும். பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் வழி) வைக்க நல்ல கை கிடைக்காது. அதே பக்கத்திலேயே மெல்லிய வழிகாட்டிக் கம்பியை நுழைத்துப் பலூனால் விரிக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால், தேவையற்ற பழைய கம்பியை தழும்பை அறுக்கும் லேசர் உறையால் அகற்றி அது சென்ற தடத்திலேயே புதியதைச் செலுத்தலாம். இதில் பெருஞ்சிரை கிழியும் ஆபத்து உண்டு. இதய அறுவை நிபுணர் உடனே கைகொடுக்கும் இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். இவை எதுவும் கைகூடாதபோது மறுபக்கக் கம்பியைத் தோலுக்கடியில் இழுத்துவருவதும், மார்பைச் சிறிதாகத் திறந்து இதயத்தின் வெளிப்புறத்தில் கம்பி தைப்பதும் நியாயமான வழிகளே.

சிரையைத் தொடாத தோலடி ஐ.சி.டி. எல்லாருக்கும் பொருந்தாது. அது ஆபத்தான துடிப்பு வந்தால் மின் அதிர்ச்சி கொடுக்கும். மெதுவாகத் துடிக்கும் இதயத்தைத் தொடர்ந்து இயக்காது, சி.ஆர்.டி. வேலையும் செய்யாது.

பேட்டரி மாற்றுவது போலத்தான் இதுவும் என்று எண்ணவும் கூடாது. 2010இல் வெளியான அமெரிக்க ரீப்ளேஸ் ஆய்வில், கருவியை மட்டும் மாற்றியவர்களில் 4% பேருக்கு ஆறு மாதங்களுக்குள் பெரிய சிக்கல் வந்தது. கம்பி சேர்க்கத் திட்டமிட்டவர்களில் 15.3%. அதனால் கருவி அட்டையையும் பழைய டிஸ்சார்ஜ் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள்: கம்பிகள் எத்தனை, எந்த ஆண்டு வைத்தவை, எது பயனில் இல்லை என்பதை வைத்தே மருத்துவர் வழியைத் தேர்ந்தெடுப்பார்.