நிறுவனங்கள் தரும் செயல்திட்டங்களில் கற்றுக்கொள்வது எப்படி? ஃபேஷன், அழகுக்கலை மாணவர்களுக்கான வழிமுறைகள்

வகுப்பறைப் பயிற்சியில் ஓர் ஆடையின் கைக்குழி சற்றுக் குறைந்துபோனால் மதிப்பெண் குறையும். அதே பிழை தொழிற்கூடத்தில் கவனிக்கப்படாமல் போனால் வெட்டிய துணி அத்தனையும் வீணாகும். ஒரு நிறுவனம் மாணவர்களிடம் ஒப்படைக்கும் செயல்திட்டத்தில் வேறொருவருடைய பணமும் நேரமும் பெயரும் கலந்திருக்கின்றன. ஆகவே அங்கே கிடைக்கும் பயிற்சி அழகுணர்வைப் பற்றியதாக மட்டும் இருக்காது. விலை, அளவு, கெடு, பாதுகாப்பு ஆகிய கட்டுப்பாடுகளுக்குள் நின்று ஒரு முடிவை எடுப்பதும், அந்த முடிவுக்குக் காரணம் சொல்வதும்தான் முதன்மையாகக் கைவர வேண்டியவை. இவை தாமாக வந்துவிடுவதில்லை. ஒரு மூட்போர்டையும் (படங்கள், நிறங்கள், துணித் துண்டுகள் ஒட்டிய கருத்துப் பலகை) சான்றிதழையும் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பும் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவற்றை உரிய நேரத்தில் கேட்காததே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

பிரீஃபை உங்கள் சொற்களில் எழுதுங்கள்

நிறுவனம் தரும் பிரீஃப் (என்ன வேலை, என்ன தேவை என்று சொல்லும் குறிப்பு) எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் சில செய்திகள் விடுபட்டிருக்கும். அங்கே பணிபுரிபவர்களுக்கு அவை நாள்தோறும் பழகியவை என்பதால் எழுதத் தோன்றியிருக்காது. வாங்குபவர் யார், விற்பனை விலை எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும், எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை தைக்கப்படும், துணியோ மூலப்பொருளோ குறைந்தபட்சம் எவ்வளவு வாங்கியாக வேண்டும், இறுதி ஒப்புதல் தருபவர் யார் என்பனவற்றைத் தேடிப் பாருங்கள். பின்னர் பிரீஃபை ஒரே பக்கத்தில் உங்கள் சொற்களில் எழுதி, விடுபட்ட இடங்களில் கேள்விகளைச் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள்; அவர்கள் திருத்தித் தந்த பிறகு வரையத் தொடங்கினால் போதும். பல திட்டங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், ‘உங்கள் கற்பனைக்கு எல்லையில்லை’ என்று அழைக்கும் திட்டத்தைவிட, விலையையும் துணியையும் கெடுவையும் முன்கூட்டியே வரையறுத்துவிட்ட திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனைக்கு வகுப்பில் இடமிருக்கிறது. வரம்புகள் அங்கே கிடைப்பதில்லை.

உரிமைகளைப் பற்றிய பேச்சையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும். நீங்கள் வரைந்த வடிவம் விற்பனைக்கு வந்தால் அது யாருக்குச் சொந்தம், உங்கள் பெயர் குறிப்பிடப்படுமா, போர்ட்ஃபோலியோவில் (உங்கள் வேலைகளின் தொகுப்பில்) எப்போது முதல் காட்டலாம், ரகசியக் காப்பு ஒப்பந்தம் எதையெல்லாம் தடுக்கிறது ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கட்டும். விற்கப்போகும் பொருளை மாணவர்களிடம் செய்து வாங்கிக்கொண்டு, ஊதியமும் தராமல் பெயரும் குறிப்பிடாமல் விடும் ஏற்பாட்டை என்னால் கல்வி என்று ஏற்க முடியவில்லை. அத்தகைய நிலையில் கல்வி நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரே முன்வந்து பேச வேண்டும்; மாணவரைத் தனியாகப் பேச விடுவது முறையாகாது.

சாம்பிள் சுற்றுகள்: ஃபேஷன் மாணவர்கள் தங்க வேண்டிய இடம்

இறுதி நாள் விளக்கக்காட்சியைவிட, முதல் சாம்பிளுக்கும் ஒப்புதல் பெற்ற சாம்பிளுக்கும் இடையே நடப்பவையே அதிகம் கற்றுத் தருகின்றன. எனவே நேரத்தின் பெரும்பகுதியை அங்கே செலவிடும்படி திட்டமிடுங்கள். முதலில் டெக் பேக்கை, அதாவது தைப்பவருக்கான தொழில்நுட்பக் குறிப்புத் தொகுப்பை, முழுமையாகத் தயாரிக்க வேண்டும்: முன்புறம், பின்புறம் இரண்டுக்குமான தட்டை வரைபடம், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளக்க வேண்டும் என்ற குறிப்பு, ஒவ்வோர் அளவுக்கும் உரிய டாலரன்ஸ் (ஏற்கத்தக்க கூடுதல் குறைவு), துணி முதல் பொத்தான், லேபிள் வரையிலான பொருள் பட்டியல், தையலின் வகையும் அடர்த்தியும். மார்பகலம் 52 செ.மீ. என்று மட்டும் எழுதினால் தைப்பவருக்குப் பாதிச் செய்திதான் கிடைக்கிறது. அக்குளிலிருந்து எவ்வளவு கீழே அளப்பது, 51 செ.மீ. வந்தால் ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்பனவற்றையும் சொன்னால்தான் அது அறிவுறுத்தலாகும்.

பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான காகித வடிவம்) வெட்டுவதற்கு முன் துணியைத் துவைத்துப் பார்ப்பது கட்டாயம். துணியில் ஒரு சதுரத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் குறித்துக்கொண்டு, வாங்குபவர் வீட்டில் எப்படித் துவைப்பாரோ அப்படியே துவைத்து உலர்த்தி மீண்டும் அளக்க வேண்டும். நீளவாக்கில் 5 விழுக்காடு சுருங்கும் துணியில், துவைத்த பின்னும் 70 செ.மீ. நிற்க வேண்டுமானால், 70-ஐ 0.95-ஆல் வகுத்து ஏறத்தாழ 73.7 செ.மீ. என்று பேட்டர்னைத் திருத்த வேண்டும். வெறுமனே 5 விழுக்காட்டைக் கூட்டினால் 73.5 தான் வரும். வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சுருக்கம் 10 விழுக்காடாக இருந்தால் அது 8 மில்லிமீட்டரை நெருங்கிவிடும். கணக்கை இப்போதே சரியாகப் பழகிக்கொள்வது நல்லது.

நிறத்திலும் இதே கவனம் வேண்டும். ஓர் ஒளியில் ஒத்துப்போகும் இரண்டு சாயங்கள் வேறோர் ஒளியில் பிரிந்து தெரிவது சாயத்தொழிலில் அனைவரும் அறிந்த சிக்கல். லேப் டிப்பை (ஒப்புதலுக்காகச் சாயமேற்றிய சிறு துணி மாதிரியை) ஜன்னலோரத்தில் பார்த்து ஒப்புதல் தராமல், நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில் பகலொளிக்கு நிகரான டி65 விளக்கிலும் கடை விளக்கிலும் வைத்துப் பார்க்கும்படி கேளுங்கள். ஜிப், நூல், பொத்தான் ஆகியவற்றையும் அருகில் வைத்தே பாருங்கள்.

ஃபிட் பார்க்கும் அமர்வில் ‘தோள் சரியில்லை’, ‘இடுப்பு அசிங்கமாக விழுகிறது’ போன்ற பேச்சுகள் வரும். அவற்றை அப்படியே எழுதிக்கொண்டால் மறுநாள் பயன்படாது. ‘தோள் முனையை 1 செ.மீ. உள்ளே நகர்த்துக; கையின் மேல்வளைவை அதற்கேற்பச் சரிசெய்க’ என்று, அளவும் இடமும் கூடிய திருத்தமாக அந்த அறையிலேயே மாற்றி எழுதி, பேட்டர்ன் மாஸ்டரிடம் வாசித்துக் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அவரோடு உட்கார வாய்ப்புக் கிடைத்தால் மார்க்கர் போடுவதையும் (பேட்டர்ன் துண்டுகளைத் துணியின் மீது நெருக்கமாக அடுக்குவதையும்) பார்த்துவிடுங்கள். பெரும்பாலான ஆடைகளில் செலவின் மிகப்பெரிய பங்கு துணியுடையது. ஒரு தையல் கோட்டைச் சிறிது நகர்த்தினால் துண்டுகள் நெருங்கி அமைந்து துணி மிச்சமாவதைக் கண்ணால் கண்ட மாணவர் அதன் பிறகு வரையும் முறையே மாறிவிடும்.

அழகுக்கலை மாணவர்களுக்கு

இத்துறையில் பிழை மனிதத் தோலின் மீது விழுகிறது. ஆகவே படப்பிடிப்பிலோ மேடையின் பின்புறத்திலோ உதவியாளராகச் செல்லும் மாணவர் தூரிகை வீச்சைக் காட்டுவதற்கு முன் தூய்மையைக் காட்ட வேண்டும். தலைமைக் கலைஞர்கள் முதலில் கவனிப்பதும் அதைத்தான். கிரீமை டப்பாவிலிருந்து ஸ்பாட்டுலாவால் எடுத்துத் தட்டில் வைத்துப் பயன்படுத்துவது, மஸ்காராவுக்கு ஒருமுறை பயன்படுத்தும் குச்சிகளை மட்டும் எடுப்பது, உலோகக் கருவிகளை முதலில் கழுவிப் பின்னர் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது ஆகியவை யாரும் சொல்லாமலே நடக்க வேண்டும். அடர்த்தி கூடினால் கிருமிகள் விரைவாக இறக்கும் என்று நினைப்பது தவறு. புரதங்களைச் சிதைக்கத் தண்ணீரும் தேவை. தூய ஆல்கஹால் விரைந்து ஆவியாகியும் விடும். முடிச்சாயம் சார்ந்த வேலையில், பொருளின் அறிவுறுத்தல்படி பொதுவாக 48 மணி நேரத்துக்கு முன்பே பேட்ச் டெஸ்ட் (தோலில் சிறிதளவு தடவி ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்ய வேண்டியிருக்கும். எனவே மாடல் யார் என்பது படப்பிடிப்புக்கு முதல் நாள்தான் முடிவாகும் என்றால், அந்த அட்டவணையையே கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஃபவுண்டேஷன் நிறவரிசை தொடர்பான திட்டங்கள் மாணவர்களுக்கு மிகுதியாகக் கிடைக்கின்றன. அங்கே பலர் எடுத்தவுடன் தோலுக்கான ஃபிட்ஸ்பாட்ரிக் வகைப்பாட்டின் 6 வகைகளை வைத்துக்கொள்கிறார்கள். 1975-இல் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் அதை உருவாக்கியது, சூரிய ஒளிக்குத் தோல் எப்படிக் கருகுகிறது, எப்படிக் கறுக்கிறது என்பதை அறிவதற்காக; நிறத்தைப் பொருத்துவது அதன் நோக்கமாக இருந்ததில்லை. 2022-இல் வெளியான மாங்க் தோல்நிற அளவுகோலில் 10 நிலைகள் இருக்கின்றன. எதைப் பின்பற்றினாலும், அடிநிறம் மஞ்சள் சார்ந்ததா, சிவப்பு சார்ந்ததா, ஆலிவ் சார்ந்ததா என்ற கேள்வியை அந்த அளவுகோல்கள் தீர்த்துவைப்பதில்லை. உண்மையான முகங்களில், தாடையோரத்தில், பகலொளியில் பூசிப் பார்த்து, சில மணி நேரம் கழித்து நிறம் மாறியிருக்கிறதா என்பதையும் குறித்துவைப்பதே நம்பகமான வேலை.

பொருள் தயாரிப்புத் திட்டமாக இருந்தால், சூத்திரத்தைச் சொட்டுகளிலும் கரண்டிகளிலும் எழுதாமல் எடை விழுக்காட்டில் எழுதுங்கள். அப்போதுதான் 100 கிராம் சோதனைத் தொகுதியைப் பெரிய தொகுதியாக மாற்ற முடியும். தண்ணீர் உள்ள எந்தப் பொருளுக்கும் கிருமி தடுப்பான் பற்றிய முடிவு முதல் நாளிலேயே தேவை. பொருளை 40 டிகிரி செல்சியஸில் பொதுவாக 3 மாதங்கள் வைத்து நிறம், மணம், பிசுபிசுப்பு, பி.எச். மாற்றங்களைப் பார்க்கும் நிலைத்தன்மைச் சோதனை ஒரு பருவத்துக்குள் முடிந்துவிடாமல் போகலாம். அதனால் சோதனையைத் தொடங்கும் நாளை முதலில் குறித்துக்கொண்டு, மற்ற வேலைகளை அதைச் சுற்றி அமையுங்கள். அழகுசாதன உற்பத்தி நெறிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 22716 தரநிலையை நிறுவனம் பின்பற்றினால், தொகுதிப் பதிவேடு எப்படி நிரப்பப்படுகிறது என்பதைக் காட்டும்படி கேட்டுப் பாருங்கள்.

வழிகாட்டியின் நேரத்தைப் பயன்படுத்துதல்

வழிகாட்டி என்றால் புகழ்பெற்ற வடிவமைப்பாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் லண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் முதுகலை முடித்தது 1992-இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பள்ளியை விட்டு வெளியேறி, ஆண்களுக்கான கோட் தைப்பதற்குப் பெயர்பெற்ற லண்டன் தெருவான சாவில் ரோவின் தையற்கூடங்களில் பயிற்சியாளராகக் கோட் தைக்கக் கற்றிருந்தார். பின்னாளில் அவர் வடிவங்களைத் துணிந்து உடைக்க முடிந்ததற்கு அந்த வெட்டுக் கலைப் பயிற்சி அடித்தளமாக இருந்தது. மறுபுறம், தாமே ஓர் ஆடையகத்தை 1952-இல் தொடங்கிவிட்ட பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஹூபர்ட் டி ஜிவான்ஷி, அடுத்த ஆண்டு மூத்த ஸ்பானிய வடிவமைப்பாளர் பலென்சியாகாவைச் சந்தித்து, அவரைத் தம் ஆசானாகவே கருதினார். ஆகவே நிறுவனம் நியமித்த வழிகாட்டியோடு நின்றுவிடாமல், பேட்டர்ன் மாஸ்டர், மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களையும் உற்பத்தியையும் ஒருங்கிணைப்பவர்), ஆய்வக வேதியியலாளர் ஆகியோரிடமும் அரை மணி நேரம் கேட்டுப் பெறுங்கள்.

சந்திப்புக்கு இரண்டு நாள் முன்னதாக வேலையை அனுப்பிவிடுங்கள்; முதன்முறையாக அந்த அறையில் பார்ப்பவர் கருத்துச் சொல்வார், ஆலோசனை சொல்ல அவருக்கு நேரம் இருக்காது. கேள்விகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் மரியாதைக்காகவேனும் ஆம் என்ற விடைதான் வரும். ‘இது உற்பத்திக்குப் போனால் முதலில் எந்த இடத்தில் பிசகும்?’ என்று கேட்டால் அவர் பல ஆண்டுகளில் பட்டறிந்தது வெளிவரும். தேர்ந்தெடுத்த வடிவத்தோடு நீங்கள் ஒதுக்கிவிட்ட வடிவத்தையும் காரணத்தோடு காட்டுங்கள்; சில சமயம் ஒதுக்கியதே சரியாக இருந்திருக்கும்.

சந்திப்பு முடிந்த அன்றே, அவர் சொன்னது, நீங்கள் செய்யப்போவது, செய்யாமல் விடுவதும் அதன் காரணமும் என்று சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். எல்லா ஆலோசனைகளையும் ஏற்க வேண்டியதில்லை. ஏற்காததை மறைப்பதுதான் உறவைக் கெடுக்கும். கல்லூரி ஆசிரியரும் நிறுவன வழிகாட்டியும் எதிரெதிராகச் சொன்னால், நடுவில் நின்று இருவரையும் திருப்திப்படுத்த முயலாமல், இரண்டு கருத்துகளையும் ஒரே மின்னஞ்சலில் அருகருகே வைத்து இருவருக்கும் அனுப்புங்கள். வழிகாட்டியின் தனிப்பட்ட வேலைகளைச் செய்துதரும்படி கேட்கப்பட்டாலோ, வேலைக்குத் தொடர்பில்லாத இடங்களுக்கு அழைக்கப்பட்டாலோ, தயங்காமல் ஒருங்கிணைப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

போர்ட்ஃபோலியோவும் அதன் பிறகும்

போர்ட்ஃபோலியோவில் இறுதிப் படத்துக்கு ஒரு பக்கம் போதும். முதல் சாம்பிள், அதன் மீது எழுதப்பட்ட திருத்தங்கள், திருத்திய சாம்பிள் ஆகியவற்றுக்கு அதிக இடம் கொடுங்கள். குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்பதைத் துல்லியமாகக் குறிப்பிடுங்கள்; புகைப்படக் கலைஞர், மாடல், முடி ஒப்பனையாளர் ஆகியோரின் அனுமதியையும் பெயரையும் விடாதீர்கள். ஒப்பனைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஒரே விளக்கில், மெருகேற்றப்படாமல் இருக்க வேண்டும்.

திட்டம் முடிந்து சில மாதங்கள் கழித்து, உங்கள் வடிவம் உற்பத்திக்குச் சென்றிருந்தால், விற்பனைக்கு வந்த பொருளை உங்கள் கடைசி சாம்பிளோடு ஒப்பிட அனுமதி கேளுங்கள். பொத்தான் மாறியிருக்கும், தையல் எளிதாக்கப்பட்டிருக்கும், வாசனை குறைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் யார், எந்தக் காரணத்துக்காகச் செய்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அந்தப் பட்டியலை அடுத்த திட்டத்தின் பிரீஃபோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.