ஐரிஷ் மூதாதையரைத் தேடும்போது: பெயரின் எழுத்தை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்

என் கணவர் அயர்லாந்தின் கேவன் கவுண்டிக்காரர் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல). எங்கள் பிள்ளைகளின் குடும்பப்பெயர் ஸ்மித். கேட்கிறவர்கள் இங்கிலாந்து வழி என்றே நினைக்கிறார்கள். ஆனால் கேவன் பக்கத்து ஸ்மித்துகளில் பெரும்பாலோர் பூர்வீகத்தில் 'மக் கவன்' என்ற ஐரிஷ் வம்சம். கொல்லன் மகன் என்று அர்த்தம். ஆங்கிலம் ஆட்சிமொழியான பிறகு சிலர் ஒலியை வைத்து மெக்கவன் ஆனார்கள், சிலர் அர்த்தத்தை வைத்து ஸ்மித் ஆனார்கள். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இரண்டும் புழங்கியது உண்டு. பிள்ளைகளுக்காக இந்த வம்சத்தைத் தேட உட்கார்ந்தபோது நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். ஐரிஷ் வேர் தேடும் மற்ற தமிழ்க் குடும்பங்களுக்கும் உதவட்டும் என்று வழிமுறையை எழுதிவைக்கிறேன்.

"எங்கள் பெயர் எப்போதுமே இப்படித்தான் எழுதப்பட்டது" என்று வீட்டுப் பெரியவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டு ஓரமாக வையுங்கள். 19ஆம் நூற்றாண்டில் பெயரைக் காகிதத்தில் ஏற்றியவர் பெரும்பாலும் அந்தப் பெயருக்கு உரியவர் அல்ல. பாதிரியார், பதிவாளர், வரி மதிப்பீட்டு ஆள் என்று யாரோ ஒருவர் தன் காதில் விழுந்ததை எழுதினார். ஐரிஷ் மட்டுமே பேசிய, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயி அதைத் திருத்தச் சொல்லியிருக்க வழியில்லை.

எனவே கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் உங்கள் பெயரின் எல்லா உருவங்களையும் எழுதுங்கள். முதலில் முன்னொட்டு. 'ஓ' என்றால் பேரன் அல்லது வழிவந்தவன், 'மக்' என்றால் மகன். ஆங்கிலேய ஆட்சியில் இவை பெருமளவு உதிர்ந்துபோயின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சி வந்து, 1893இல் கேலிக் லீக் என்ற மொழி இயக்கம் தொடங்கிய காலத்தில் பலர் மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். தாத்தா சல்லிவன், பேரன் ஓ'சல்லிவன் என்றிருப்பது அதனால்தான். ஒட்டியதும் எப்போதும் சரியாக இல்லை: மக் கோர்மன் வம்சத்தார் பலர் ஓ'கோர்மன் ஆகிவிட்டார்கள்.

அடுத்தது ஒலி. ஓ கஹான் என்ற ஒரே வம்சம் கேன், கீன், கஹான், ஓ'கேன் என்று சிதறியிருக்கிறது. பல தேடுதளங்கள் ஒலி ஒத்த பெயர்களைச் சேர்க்க சவுண்டெக்ஸ் என்ற முறையை நம்புகின்றன. முதல் எழுத்தை அப்படியே வைத்து, பின்வரும் மெய்யொலிகளை மூன்று எண்ணாக மாற்றும் முறை அது. கேன் (Kane) என்றால் கே-500, கஹான் (Cahan) என்றால் சி-500, ஓ'கேன் (O'Kane) என்றால் ஓ-250. மூன்றும் ஒரே வம்சம், ஆனால் கணினிக்கு மூன்று அந்நியர்கள். அதனால் கே, சி, ஓ என ஒவ்வொரு முதல் எழுத்துக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். சுருக்குவழி எதுவும் இதற்கு ஈடாகாது.

மூன்றாவது, அர்த்தம் பெயர்க்கப்பட்ட பெயர்கள். கோல்வே கவுண்டியின் கொனமாரா பகுதியில் கிங் என்றால் அது மக் கொன்ரி ஆக இருக்கலாம். மெக்கட்டீர் சில இடங்களில் கார்பென்டர் ஆனது. வால்ஷ் என்பதன் ஐரிஷ் வடிவம் பிரானக் என்று இன்னொரு பெயராகவே வாழ்கிறது. இதற்கு ராபர்ட் மாத்திசனை விடச் சிறந்த துணை எனக்குத் தெரியவில்லை. அயர்லாந்தின் பதிவுத்துறையில் இருந்தவர். ஒரே குடும்பம் வெவ்வேறு பெயரில் பதிவானதைப் பார்த்து, பதிவாளர்களுக்காக 1901இல் ஒரு பட்டியலையே வெளியிட்டார். அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயம். பெயர் நழுவும், நிலம் நழுவாது. அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு டவுன்லேண்ட். நாடு முழுவதும் அறுபதாயிரத்துக்கும் மேல் உண்டு. உங்கள் முன்னோரின் டவுன்லேண்ட் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஊர்ப்பெயரின் எழுத்தும் மாறும், அதையும் ஒலியால்தான் பிடிக்க வேண்டும். ஆனால் வரைபடத்தில் அது ஓரிடத்தில் நிற்கிறது, அக்கம்பக்கத்து ஊர்கள் சாட்சி சொல்லும்.

1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். அங்கே குடும்பப்பெயரைத் தட்டாமல், கவுண்டியிலிருந்து டவுன்லேண்டுக்கு இறங்கி ஒவ்வொரு வீடாகப் படியுங்கள். தட்டச்சு செய்த அட்டவணையை நம்பாமல் கையெழுத்துப் படத்தைத் திறந்து பாருங்கள். 1911இல் சில குடும்பத் தலைவர்கள் படிவத்தை ஐரிஷில் நிரப்பினார்கள். அப்படியிருந்தால் மகளின் பெயருக்கு முன் 'நி' அல்லது 'நிக்', மனைவிக்கு 'இ' அல்லது 'விக்' என்று வரும். ஒரே வீட்டுக்காரர்கள் வெவ்வேறு பெயரில் இருப்பதுபோல் தோன்றும். குழம்ப வேண்டாம்.

அதற்கு முந்தைய கணக்கெடுப்புகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. 1821 முதல் 1851 வரையானவை 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் எரிந்தன. அந்த இழப்பை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கனக்கிறது. எஞ்சிய ஆறுதலில் ஒன்று ஓய்வூதியத் தேடல் படிவங்கள். 1909 ஜனவரியில் 70 வயதானோருக்கு ஓய்வூதியம் தொடங்கியது. பிறப்புப் பதிவு எல்லோருக்கும் கட்டாயமானதே 1864இல்தான் என்பதால், வயதை நிரூபிக்க 1841, 1851 கணக்கெடுப்பில் தேடச் சொல்லி முதியவர்கள் விண்ணப்பித்தார்கள். பெற்றோர் பெயர், டவுன்லேண்ட், அன்று எழுதப்பட்ட பெயர் வடிவம் எல்லாம் அதில் கிடைக்கும்.

வரி விதிப்பதற்காக 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் மதிப்பீட்டில் நிலம் வைத்திருந்தோர் பெயர்களைப் பார்க்கலாம். அங்கே பெயருக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஒரே ஊரில் பல ரையன்கள் இருந்தால் தந்தை பெயரையோ பட்டப்பெயரையோ அப்படிச் சேர்த்துப் பிரித்துக் காட்டினார்கள். அந்தச் சொல்லே சில ஆவணங்களில் குடும்பப்பெயராக நிற்பதும் உண்டு.

சரி, வேறு எழுத்தில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. நம் ஆள்தானா? எழுத்து எவ்வளவு நெருக்கம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிறப்புப் பதிவில் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் இருக்கும். நூறாண்டு கடந்த பிறப்புகள், 75 ஆண்டு கடந்த திருமணங்கள், 50 ஆண்டு கடந்த இறப்புகளின் படங்களை ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் பார்க்கலாம். கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படங்களை தேசிய நூலகம் 2015இல் இலவசமாக வெளியிட்டது. ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் பெயரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் மாமா, சித்தி, பக்கத்து நிலத்துக்காரர். தாயின் பெயர், டவுன்லேண்ட், ஞானப்பெற்றோர் மூன்றும் ஒத்துப்போனால் எழுத்து எவ்வளவு வேறாக இருந்தாலும் நான் ஏற்றுக்கொள்வேன். எழுத்து மட்டும் அச்சு அசலாக ஒத்து மற்றவை ஒவ்வாவிட்டால் ஏற்கமாட்டேன். லத்தீனில் எழுதிய பதிவேடுகளில் ஜேம்ஸ் ஜாக்கோபஸ் ஆகவும், வில்லியம் குலியெல்மஸ் ஆகவும் இருப்பார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வம்ச மரத்தில் ஏற்றும்போது எந்த ஆவணத்தில் எந்த எழுத்தோ அதை அப்படியே பதியுங்கள். எல்லாவற்றையும் இன்றைய வடிவத்துக்கு மாற்றிவிட்டால், அடுத்து தேடுகிறவருக்கு அந்தத் தடயம் கிடைக்காது. எங்கள் மரத்தில் அடுத்தடுத்த தலைமுறைகள் ஸ்மித், மெக்கவன், மறுபடி ஸ்மித் என்று நிற்கின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் ஆவணத்தின் ஆண்டையும் டவுன்லேண்டையும் எழுதியிருக்கிறேன்.