டோங்கா ரக்பி வீரரின் ஆட்டப் பயணத்தைக் குழம்பாமல் படிப்பது எப்படி?

பசிபிக் தீவு நாடான டோங்காவின் ரக்பி வீரர் ஒருவரது கிளப் பட்டியலை முதன்முதலாகப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆக்லாந்து, பெல்ஃபாஸ்ட், பிரிஸ்டல், ஜப்பான் என்று ஊர் ஊராகப் போகும். நடுவே தேசிய அணிகூட மாறியிருக்கும். "எங்கேயும் நிலைக்காத ஆள் போல" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். படிக்கும் முறை தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு நோட்டை எடுங்கள். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் கிளப், வலப்பக்கம் நாடு என்று தலைப்பிடுங்கள். ஓரத்தில் ஆண்டுகளை வரிசையாக எழுதுங்கள். நாட்டுக்காக ஆடாத ஆண்டுகளுக்கு வலப்பக்கத்தில் இடம் விட்டு வையுங்கள். பாதிக் கதை அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது.

பழகுவதற்கு நான் எப்போதும் சொல்வது சார்லஸ் பியூட்டாவ். ஃபுல்பேக், விங், சென்டர் என்று பின்களத்தில் எங்கே நிறுத்தினாலும் ஆடக்கூடியவர்.

முதல் வரியில் பிறந்த ஊரையும், குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். பியூட்டாவ் 1991 அக்டோபர் 31 அன்று ஆக்லாந்தில் பிறந்தார். குடும்பம் டோங்காவைச் சேர்ந்தது. இந்த வரி இல்லாமல் மேலே போகாதீர்கள். டவுலுப்பே ஃபலெட்டாவ் பிறந்தது டோங்காவில், அவருடைய அப்பா குலி 1999 உலகக் கோப்பையில் ஆடியது டோங்காவுக்கு, மகன் ஆடுவதோ வேல்ஸுக்கு. மக்கோ, பில்லி வுனிப்போலா சகோதரர்களின் அப்பாவும் டோங்கா வீரர்தான். பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்துக்கு ஆடினார்கள். பெயரை வைத்து நாட்டைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

அடுத்தது இடப்பக்கம். இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம், ஒரே ஆண்டில் வரும் இரண்டு அணிகள். பியூட்டாவுக்கு ஆக்லாந்து என்றும் இருக்கும், புளூஸ் என்றும் இருக்கும். அவர் அணி மாறவில்லை. ஆண்டின் முற்பகுதியில் சூப்பர் ரக்பி என்ற பன்னாட்டுக் கிளப் தொடர், அதற்கு புளூஸ். அது முடிந்ததும் மாகாணப் போட்டி, அதற்கு ஆக்லாந்து. நியூசிலாந்தில் ஆடுகிறவர்களுக்கு இது சாதாரணம். ஐரோப்பாவுக்குப் போனதும் கணக்கு மாறும். அங்கே பருவம் செப்டம்பர் வாக்கில் தொடங்கி அடுத்த ஆண்டு ஜூன் வரை போவதால் '2016–17' என்று எழுத வேண்டும். பியூட்டாவ் இங்கிலாந்தின் வாஸ்ப்ஸில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 2016 முதல் 2018 வரை பெல்ஃபாஸ்டின் அல்ஸ்டர், அப்புறம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பேர்ஸ். 2023இல் ஜப்பானின் ஷிசுவோக்கா புளூ ரெவ்ஸ். பிரிஸ்டல் அவருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் பவுண்டு கொடுப்பதாக அப்போது செய்திகள் வந்தன. டோங்கா அணிக்கு ஆடி யாரும் அதில் ஒரு சிறு பங்கைக்கூடப் பார்க்க முடியாது.

இனி வலப்பக்கம். 2013 முதல் 2015 வரை ஆல் பிளாக்ஸுக்காக, அதாவது நியூசிலாந்து தேசிய அணிக்காக, 17 டெஸ்ட் என்று எழுதுங்கள். ரக்பியில் டெஸ்ட் என்றால் நாட்டுக்கு நாடு ஆடும் ஆட்டம். அடுத்த ஆண்டு முதல் ஆட 2015இலேயே அல்ஸ்டருடன் ஒப்பந்தம் போட்டார். அந்த ஆண்டு உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இல்லை. வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுபவரை நியூசிலாந்து தேர்ந்தெடுப்பதில்லை என்பதால், போன பிறகு கதவு மூடியாயிற்று. அங்கிருந்து 2022 வரை வலப்பக்கம் வெறுமைதான்.

இந்த வெறுமையை "ஃபார்ம் போய்விட்டது" என்று படிக்காதீர்கள். பிரிஸ்டலில் அவர் அருமையாக ஆடிக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய அண்ணன் சியாலேயும் அதே கிளப்பில்தான் இருந்தார். 2019 உலகக் கோப்பையில் டோங்காவின் கேப்டன் அண்ணன். தம்பிக்கோ அந்த ஜெர்சியைப் போட அனுமதியே இல்லை. ஒரு நாட்டுக்கு டெஸ்ட் ஆடிவிட்டால் அதோடு கட்டிப்போட்டது அன்றைய விதி.

2021 நவம்பரில், ஆட்டத்தை நிர்வகிக்கும் உலக ரக்பி அமைப்பு அந்த விதியைத் தளர்த்தியது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. முந்தைய நாட்டுக்கு ஆடி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். புதிய நாட்டில் வீரரோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பிறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு முறைதான் மாறலாம். நோட்டில் இந்தத் தேதிக்கு நேராகச் சிவப்பு மையில் கோடு போடுங்கள். பியூட்டாவ் 2022 ஜூலையில் டோங்காவுக்கு ஆடினார். அதே ஜூலையில் டோங்கா 44–22 என்று ஹாங்காங்கை வென்று 2023 உலகக் கோப்பைக்குள் நுழைந்தது.

எல்லாக் காலி இடத்துக்கும் விதி காரணமல்ல. ஜூலை, நவம்பர் சர்வதேச ஆட்டங்களுக்குக் கிளப் தன் வீரரை விட்டாக வேண்டும், காகிதத்தில் அப்படித்தான். ஆனால் சம்பளம் தருவது கிளப். பசிபிக் வீரர்கள் "காயம்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும்படி நெருக்கப்படுவதாகப் புகார்கள் நெடுங்காலமாக உண்டு. இடப்பக்கம் ஐரோப்பிய கிளப், வலப்பக்கம் நவம்பரில் வெறுமை என்று வந்தால், ஒரு கேள்விக்குறி போடுங்கள். தீர்ப்பு எழுத வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. 13 பேர் ஆடும் ரக்பி லீக் வேறு, நாம் இங்கே பேசும் 15 பேர் ஆடும் யூனியன் வேறு. 2017இல் ஹாமில்டனில் நியூசிலாந்தை 28–22 என்று வீழ்த்திய டோங்கா, லீக் அணி. யூனியன் அணியின் பெரிய நாள், வெலிங்டனில் 2011 அக்டோபர் 1 அன்று பிரான்ஸை 19–14 என்று வென்றது. தேடும்போது இரண்டும் கலந்துதான் வரும், பிரித்து எடுங்கள்.

கடைசியாக ஸ்கோர். 2023 உலகக் கோப்பையில் டோங்கா விழுந்தது அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, ஸ்காட்லாந்து இருந்த பிரிவில். மூன்றிடமும் தோற்று, ருமேனியாவை மட்டும் 45–24 என்று வென்றது. பிரிவில் யார் யார் என்று பக்கத்தில் எழுதாமல் 'நான்கில் ஒரு வெற்றி' என்று மட்டும் குறித்தால் அந்த வீரருக்கு அநியாயம்.

பியூட்டாவ் பக்கம் முடிந்ததும் மலக்காய் ஃபெகிட்டோவாவை எடுங்கள். பிறப்பு டோங்காவில், ஆல் பிளாக்ஸுக்கு 24 டெஸ்ட், 2015 உலகக் கோப்பை வென்ற அணியில் இடம், பிறகு பிரான்ஸின் டூலோன், வாஸ்ப்ஸ், 2023இல் அயர்லாந்தின் மன்ஸ்டருடன் யூனியன் கிளப் தொடர் பட்டம். அவருக்கும் வலப்பக்கத்தில் நீளமான காலி இடம் வரும். அது எந்த வகை என்று இப்போது உங்களுக்கே தெரியும்.