சேற்றில் புதைந்த வாகனத்தை இழுத்தெடுப்பது எப்படி: கயிறு வாங்குவது முதல் கழுவி வைப்பது வரை

மாரி தொடங்கினால் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் வாகனம் புதைவது வழமை. வெல்லாவெளியில் வயலோரம் ஒதுக்கிய பட்டா என்ற சின்னச் சரக்கு வாகனம், நெல் ஏற்ற வந்த லொறி, உகந்தைக்குப் போகிற வழியில் இறுகிய வேன் என்று ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். நம் ஊரில் உதவிக்கு ஆள் குறைவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கயிறும் ஓர் உழவு இயந்திரமும் வந்துவிடும். அந்தக் கயிற்றை எங்கே கொளுவுகிறார்கள் என்பதுதான் எனக்கு எப்போதும் பயம். கயிறு மட்டும் அறுந்தால் சில நேரம் தப்பலாம். இரும்புத் துண்டொன்று கழன்று கயிற்றோடு பறந்து வந்தால் கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொல்லும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

முதலில் மண்வெட்டி

ரிம் மட்டத்துக்குப் புதைந்த வாகனத்தை அசைக்க ஏறக்குறைய அதன் நிறையளவு இழுவை வேண்டும், மட்காட் வரை போனால் இரண்டு மடங்கு என்பது மீட்பு வேலை செய்பவர்களின் கைக்கணக்கு. ஆகவே டயருக்கு முன்னால் சேற்றைச் சரிவாக வெட்டுங்கள். அடிப்பாகம் மண்ணில் தட்டி நின்றால் அங்கேயும் தோண்டுங்கள். வெட்டுகிற ஒவ்வொரு கூடை மண்ணும் கயிற்றில் விழும் பாரத்தைக் குறைக்கிறது. பொத்துவில் கடற்கரை போன்ற மணலில் டயர்க் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிப் பாருங்கள். பல வாகனங்கள் கயிறே இல்லாமல் ஏறிவிடும். தார் வீதிக்கு வந்ததும் திரும்பக் காற்றடிக்க வேண்டும்.

எந்தக் கயிறு?

இரண்டு வகை இருக்கிறது. நைலோனில் செய்த மீட்புக் கயிறு, அதாவது கைனெடிக் கயிறு, 20 முதல் 30 சதவீதம் வரை நீளும். நீண்டு சுருங்கும் அந்த விசையால் புதைந்த வாகனத்தைப் பிடுங்கி எடுக்கலாம். பொலியெஸ்டர் பட்டி அவ்வளவாக நீளாது. பழுதான வாகனத்தை வீதியில் இழுத்துப் போகவும், மெதுவாக ஒரே சீராக இழுக்கவும் அது சரி. பொலியெஸ்டர் பட்டியைக் கொளுவிவிட்டு ஓட்டம் எடுத்து இழுக்கவே கூடாது. நீள முடியாததால் முழு அதிர்ச்சியும் கொளுக்கியில் விழும். சங்கிலிக்கும் கம்பி வடத்துக்கும் இதே விதிதான்.

மீட்புக் கயிற்றின் லேபிளில் அறுபடும் பாரம் எழுதியிருக்கும். இரண்டு வாகனங்களில் இலேசானது எதுவோ, அதன் முழுப் பாரத்தைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கட்டும். 3 தொன் கெப் வாகனத்துக்கு 6 முதல் 9 தொன் வரை. அதைவிடத் தடிப்பாக வாங்கினால் கயிறு நீளாமல் வெறும் சங்கிலியாகிவிடும்.

மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் பச்சை, நீலக் கயிறு தோணிக்கு நல்லது. வாகனம் இழுக்க அது வேண்டாம். அதில் பெரும்பாலும் பார அளவு எழுதியிருக்காது, வெயிலில் கிடந்தால் உக்கும். முடிச்சுப் போட்டாலோ கயிற்றின் வலுவில் பாதிவரை முடிச்சே தின்றுவிடும். முனையில் கண் வைத்துத் தைத்த கயிறாகப் பார்த்து வாங்குங்கள், இரும்புக் கொளுக்கி பூட்டியதை விட்டுவிடுங்கள்.

ஷக்கிள், அதாவது கயிற்றை வாகனத்தோடு இணைக்கும் இரும்பு வளையம், வாங்கும்போது அதன் உடம்பில் வேலைப் பாரம் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். வில் வடிவ 19 மில்லிமீற்றர் ஷக்கிளில் வழமையாக 4.75 தொன் என்று இருக்கும். எதுவும் எழுதாத ஷக்கிளை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அதன் குறுக்கு ஆணியான பின்னை இறுக்கிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழற்ற முடியாமல் இறுகிப்போகும். செலவழிக்க முடிந்தால் கயிற்றாலேயே பின்னிய மென் ஷக்கிள் இன்னும் நல்லது. அதன் நிறை குறைவு என்பதால், பறந்தாலும் ஆபத்துக் குறைவு.

எங்கே கொளுவுவது?

சேஸியோடு போல்ட் போட்டுப் பூட்டிய, இழுப்பதற்கென்றே செய்த கொளுக்கியில் மட்டும். ஜப்பான் கார்களில் ஜக்கோடு சேர்த்து ஒரு வளையம் வைத்திருப்பார்கள். பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி அதை முழுதாக முறுக்க வேண்டும். அதுவும் வீதியில் மெதுவாக இழுப்பதற்குத்தான், ஆழப் புதைந்த காரைப் பிடுங்க அது தாங்காது. அடியில் தெரியும் மெல்லிய வளையங்கள் கப்பலில் கட்டி ஏற்றுவதற்கானவை. ட்ரெயிலர் பூட்டும் உருண்டையில் ஒருபோதும் கொளுவாதீர்கள். அது முறிந்தால் வெடிகுண்டுதான். பம்பர், அக்சில், ஸ்டியரிங் தண்டு எதுவும் ஆகாது.

உழவு இயந்திரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இழுக்க வருவது பெரும்பாலும் அதுதான். பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைச் சட்டத்தில் மட்டுமே கயிற்றைக் கொளுவுங்கள். அக்சிலுக்கு மேலே, கலப்பை பூட்டும் மேல் கையிலோ இருக்கைக்குக் கீழேயோ கட்டினால், பாரம் இறுகும்போது முன் டயர் மேலெழும்பி இயந்திரம் பின்னுக்கு மல்லாந்துவிடும். ஓட்டுபவர் கிளச்சை மிதிக்க நேரம் கிடைக்காது, ஒன்றிரண்டு வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். சேற்றில் இறுகிய உழவு இயந்திரத்தின் பெரிய டயரில் மரக்கட்டையைக் கட்டி ஏற்றப் பார்க்கிற பழக்கமும் இதே காரணத்தால் உயிராபத்து. டயர் சுற்ற முடியாமல் தடைப்பட்டால் உடம்பு சுற்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பக்கத்தில் யாராவது செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

இழுக்கும் நேரம்

கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு எல்லோரையும் விலக்குங்கள், கயிறு போகும் நேர்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. பிள்ளைகள்தான் முன்னுக்கு வருவார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரை நிறுத்துங்கள். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கொன்றைப் போட்டால், அறுந்தாலும் வேகம் கொஞ்சம் அடங்கும். வாகனங்களில் ஓட்டுநர் மட்டும் இருக்கட்டும். சைகை காட்ட ஒரே ஆள்.

மீட்புக் கயிறென்றால் ஒன்றிரண்டு மீற்றர் தளர்வு விட்டு, முதல் கியரில் நிதானமாகக் கிளம்புங்கள். வேகம் இரண்டு மடங்கானால் கயிற்றில் ஏறும் சக்தி நான்கு மடங்காகும், ஆகவே வேகத்தைக் கூட்டும் ஆசையை அடக்க வேண்டும். புதைந்த வாகனமும் அதே நேரம் மெதுவாக அக்சிலேட்டர் கொடுக்கட்டும். இரண்டு மூன்று தரத்தில் அசையாவிட்டால் நிறுத்தி, மறுபடி தோண்டுங்கள். கயிறு இறுகி நிற்கும்போது அதைத் தாண்டிப் போக வேண்டாம்.

வெளியே எடுத்த வாகனம் ஓடாவிட்டால் கராஜுக்கு இழுக்கும்போது சாவியைப் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். என்ஜின் ஓடாததால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இருக்கும், அதை ஓட்டுபவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அக்குவா, பிரியஸ், வெசல் போன்ற ஹைபிரிட் கார்களைக் கயிற்றில் இழுத்துப் போகாமல் தூக்கி ஏற்றும் வாகனத்தைக் கூப்பிடுங்கள்.

வேலை முடிந்ததும் கயிற்றை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட வேண்டும். வாவித் தண்ணீரின் உப்பும், இழைகளுக்குள் புகுந்த மணலும் கயிற்றை உள்ளேயே அறுக்கும். நனைந்த நைலோனுக்கு வலு 10 சதவீதத்துக்கு மேலேயே குறையும் என்பதால் ஈரத்தோடு சுருட்டி வைப்பதும் கூடாது. வெட்டு, கருகல், தையல் பிரிவு எது தெரிந்தாலும் கயிற்றைக் குட்டைத் துண்டுகளாக நறுக்கிவிடுங்கள், வேறு யாரும் எடுத்து இழுக்க முடியாதபடி. பின் வளைந்த ஷக்கிளையும் அதோடு எறியுங்கள்.