கூமுட்டை வாயுவைப் பூமிக்குள் இறக்குவது எப்படி?

கிணற்றிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவில் பல இடங்களில் கூமுட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கரியமில வாயுவும் கலந்தே வரும். தண்ணீர் பட்டால் இரண்டும் அமிலம். பெரிய ஆலை என்றால் கந்தகமாக்கி விற்கலாம். சின்ன ஆலைக்கு அது கட்டுப்படியாகாது. எரித்தாலோ கந்தக டை ஆக்சைடு புகை. கனடாவின் ஆல்பர்ட்டாவில், எட்மண்டனுக்குப் பக்கத்தில், 1989-இல் இந்த வாயுவைப் பூமிக்குள்ளேயே திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள்.

ஓர் எச்சரிக்கை. கூமுட்டை நாற்றம்தானே, மூக்கே காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை நெருங்கினாலே மூக்கு மரத்துப்போகும். சட்டையில் மாட்டும் டிடெக்டர் இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

படி 1: பிரிப்பது
ஒரு கோபுரத்தில் அமீன் கரைசல் மேலிருந்து இறங்கும், எரிவாயு கீழிருந்து ஏறும். அமில வாயுவை அமீன் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கோபுரத்தில் சூடாக்கினால் விட்டுவிடும். வெளியே வருவது நன்றாக ஈரம் ஏறிய வாயு, அழுத்தமும் சொற்பம்.

படி 2: அழுத்துவது
சூட்சுமமெல்லாம் இங்கேதான். வழக்கமாக நான்கு கட்டமாக அழுத்துவார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வாயு சூடாகும். குளிர்வித்தால், துணியைப் பிழிந்த மாதிரி தண்ணீர் தனியே பிரியும். அதை வடித்துவிட்டு அடுத்த கட்டம். ஓர் அழுத்தத்தைத் தாண்டியதும் கதை தலைகீழாகும்: வாயு திரவம் போல் அடர்ந்து, தண்ணீரை முன்னைவிட அதிகமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆக, அந்த எல்லைக்குள் நீரை வடித்துவிட்டால், பிறகு சொட்டுக்கூடப் பிரியாது. தனியாக உலர்த்தும் கருவியே பல ஆலைகளில் தேவைப்படாது. எனக்குப் பிடித்த கணக்கு இது! ஆனால் கட்டங்களுக்கு நடுவிலுள்ள குழாய்கள் நனைந்தே இருக்கும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள், சிக்கனம் பார்க்காதீர்கள்.

படி 3: கிணறு வரை கொண்டுபோவது
தண்ணீர் மிச்சமிருந்தால் ஹைட்ரேட் என்ற பனிக்கட்டி மாதிரிப் பொருள் குழாயை அடைக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் 20 டிகிரி செல்சியஸில்கூட அது உருவாகும். அதைத் தடுக்க, குளிர்காலத்தில் மெத்தனால் கைவசம் இருக்கட்டும்.

படி 4: உள்ளே செலுத்துவது
வற்றிய எரிவாயுப் படுகையோ, ஆழத்திலுள்ள உப்புநீர்ப் பாறையோ போதும். மேலே கசியாத மூடுபாறை இருக்க வேண்டும். அடர்ந்த வாயுவின் எடையே அதைக் கீழே தள்ள உதவும். பாறை பிளக்கும் அழுத்தத்தை எட்டவே விடக் கூடாது.

கிணற்றில் வாயு இறங்கும் உள்குழாய்க்கும் அதைச் சுற்றியுள்ள வெளிக்குழாய்க்கும் நடுவே, அந்த இடைவெளியை அடைக்கும் பேக்கருக்கு மேலே, அரிப்புத் தடுப்பான் கலந்த திரவம் நிற்கும். அதன் அழுத்தமானியைத் தினமும் பாருங்கள். காரணமில்லாமல் முள் ஏறினால் உள்குழாயோ பேக்கரோ கசிகிறது. முதலில் கிணற்றை மூடுங்கள், பிறகு போன் எடுங்கள்.